பக்கத்து வீட்டுப் படகு

நான்காம் குடுவையில் பிள்ளை பெற்றுக்கொள்ள விண்ணப்பிப்பவர்கள் முதலில் வாங்க வேண்டிய பொருள் ஒரு ரேடியோ செலுத்தி. தொட்டில், பால்புட்டி, கிலுகிலுப்பை எல்லாம் பிறகு. அதுவும் தேர்வில் தேறினால்.

குடுவை என்பது செவ்வாய்க் கிரகத்தில் மக்கள் வாழும், கண்ணாடிக் கூரையிட்ட ஊர். நான்காவதில் ஆயிரத்து எண்ணூறு பேர். காற்றும் நீரும் அத்தனை பேருக்குத்தான் அளந்து வைத்திருந்தது. ஒருவர் இறந்துபோனாலோ வேறு குடுவைக்குக் குடிபெயர்ந்தாலோ ஒரு பிறப்பிடம், அதாவது ஒரு குழந்தைக்கான இடம், காலியாகும். அந்த ஆண்டு இரண்டு காலியாயின. விண்ணப்பித்தவர்கள் பத்துத் தம்பதியர்.

பிள்ளைக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அங்கே பெரியவர்கள் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் 'உட்செவி' என்றொரு கருவி பொருத்தியிருந்தது. கதவைத் திறக்க நினைத்தால் கதவு திறக்கும். தேநீர் வேண்டுமென்று நினைத்தால் அடுப்பு பற்றிக்கொள்ளும். ஆனால் மூளை ஓரளவு முதிர்கிறவரை, அதாவது பத்து வயதுவரை, குழந்தைகளுக்கு உட்செவி பொருத்தக்கூடாது. நினைத்தால் கேட்காத, சொன்னாலும் நிதானமாகக் கேட்கிற, சில சமயம் காதிலேயே போட்டுக்கொள்ளாத ஒரு ஜீவனோடு பழகிய அனுபவம் விண்ணப்பிப்பவர்களில் ஒருவருக்கும் இல்லை.

மக்கட்பேற்றுக் குழு பல நாள் கூடிப் பேசி ஒரு தேர்வு வைத்தது. உட்செவியை அணைத்துவிட வேண்டும். நீர்த்தேக்கத்தில் ஒரு பொம்மைப் படகை விட்டு, கரையில் நின்று, செலுத்தியைக் கையில் பிடித்து ஓட்ட வேண்டும். இரண்டு மிதவைகளைச் சுற்றி ஒரு எட்டுப் போட்டு, எதிலும் இடிக்காமல் கரைசேர்க்க வேண்டும். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' பல பேரை அழ வைத்திருக்கிறது.

யாழரசி காற்று வடிகட்டிப் பிரிவில் வேலை பார்த்தாள். எதையும் திருகாணி கழற்றி உள்ளே பார்க்காவிட்டால் தூக்கம் வராத பெண். பிள்ளை ஏன் வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்த இடத்தில், "ஒன்றுமே தெரியாத ஒருவர் எல்லாவற்றையும் எப்படித் தெரிந்துகொள்கிறார் என்று பக்கத்திலிருந்து பார்க்க ஆசை" என்று எழுதியிருந்தாள். எழுதாமல் விட்டது ஒன்றும் இருந்தது. தெருவில் யாராவது குழந்தையைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்ப்பாள். ஐந்து ஆண்டுகளாகக் காலியிடமே வரவில்லை. அடுத்த தேர்வுக்குள் அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். இதுதான் முதல் வாய்ப்பு, இதுதான் கடைசியும்.

செலுத்தி விற்கும் கடை மூன்றாம் தளத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைக்காரர் வரகுணன் நிதானமான மனிதர்.

"சுக்கானுக்கு ஒரு சேனல், மோட்டாருக்கு ஒரு சேனல். ரெண்டு சேனல் ரிமோட்டே போதும் சார்," என்றார்.

யாழரசியின் கணவன் பூபாலனுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. "எங்க பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை சேனல் வாங்கினார்?"

"நாகலிங்கம் சாரா? பன்னிரண்டு."

"அப்ப எங்களுக்குப் பதினாறு குடுங்க."

"மீதிப் பதினாலை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"இருக்கட்டுமே. ஒண்ணு போனா ஒண்ணு ஆச்சு."

"சேனல் பல்லு மாதிரி விழறதில்ல சார். விளக்கு எரியணும், சங்கு ஊதணும், நங்கூரம் இறக்கணும்னா வேணும். உங்க படகுல இதெல்லாம் இருக்கா?"

இல்லை. ஆனாலும் பூபாலன் விடுவதாக இல்லை. நாகலிங்கம் வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டு நீரேற்றி இரவும் பகலும் உறுமுகிறது என்று பூபாலன் பராமரிப்புப் பிரிவில் புகார் கொடுத்தான். குளியலறையில் ஒருவர் பாடுவதாக நாகலிங்கம் பதில் புகார் கொடுத்தார். அதிலிருந்து ஓராண்டாகப் பேச்சுவார்த்தை இல்லை. பன்னிரண்டுக்குக் கீழே வாங்குவது பூபாலனுக்குத் தோற்றுப்போவது மாதிரி.

யாழரசி இதில் எல்லாம் தலையிடாமல் ஒவ்வொரு செலுத்தியாகக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னச் சக்கரத்தைத் திருப்பும் வகை ஒன்று. இரண்டு கட்டைவிரல்களுக்கும் இரண்டு குச்சிகள் வைத்த வகை ஒன்று. சக்கரம் பார்வைக்குச் சுலபமாக இருந்தது. ஆனால் குச்சியில்தான் விரல் நுனிக்கு அந்த மெல்லிய எதிர்ப்பு தெரிந்தது. ஆறு சேனல் கொண்ட ஒன்றில் சுருள்வில் மிருதுவாக இருந்தது; விட்டவுடன் குச்சி நடுவுக்குத் திரும்பியது. அதையே எடுத்துக்கொண்டாள். பூபாலன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்கம்மா," என்றார் வரகுணன். "படகு உங்களை விட்டுப் போறப்ப வலதுன்னா வலதுதான். உங்களைப் பாத்து வர்றப்ப வலது இடதாயிடும். எல்லாரும் கோட்டை விடுறது அங்கதான்."

வடிகட்டிகளை அலசும் தொட்டியில் பயிற்சி நடந்தது. முதல் நாள் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போனது. "படகு பழுது. மாத்திடலாம்," என்றான் பூபாலன். யாழரசி கையேட்டைப் பிரித்தாள். பதினோராம் பக்கத்தில் விடை இருந்தது. திசையைப் புரட்டிவிடும் ஒரு சின்ன விசை. புரட்டினாள், சரியாகிவிட்டது. கையேடு என்பது படிப்பதற்காக அச்சிடுவது என்ற செய்தி பூபாலனுக்குப் புதிதாக இருந்தது.

அடுத்தது நேர்ப்பாடு. குச்சியைத் தொடாமல் விட்டால் படகு நேராகப் போக வேண்டும். பக்கத்திலிருந்த பொத்தானை நூலளவு நூலளவாக நகர்த்தி அதைச் சரிசெய்தாள். சுக்கான் எவ்வளவு தூரம் திரும்பலாம் என்பதற்கு எல்லை வைத்தாள். உணர்கம்பியைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிமிர்த்திக் கட்டினாள், தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும் என்பதால். ஒரு குணத்தை மட்டும் அவளால் மாற்ற முடியவில்லை. மெதுவாகப் போகும்போது படகு இடப்பக்கமாக இழுத்தது. அதைப் படகின் சுபாவம் என்று விட்டுவிட்டாள்.

கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. செலுத்தியின் சொல் படகை எட்டாமல் போய்விட்டால் படகு என்ன செய்ய வேண்டும்? அதை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

"முழு வேகத்துல நம்மகிட்ட ஓடி வந்துடணும்," என்றான் பூபாலன்.

"நாம எங்க நிக்கிறோம்னு அதுக்கு எப்படித் தெரியும்? மோட்டாரை நிறுத்திட்டு அப்படியே மிதக்கட்டும். நாம தேடிப் போவோம்."

பூபாலன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

தேர்வு நாள் காலை. நீர்த்தேக்கத்தின் கரையில் பத்துத் தம்பதியரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், வீட்டு எண் வரிசையில். ஆகவே பூபாலன் தம்பதிக்கு அடுத்து நாகலிங்கமும் அவர் மனைவி பவளக்கொடியும். முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் இரு வீட்டாரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு முதுகுகளுக்கும் நடுவில் இரண்டு படகுகள்: யாழரசியின் சிவப்புப் படகு, பவளக்கொடியின் நீலப் படகு.

தேர்வை நடத்தியது நடுவர் ஏழு என்ற இயந்திரம். ஆள் உயரம், வெள்ளை உடம்பு, முகத்தில் ஒரே கண். "படகுகளில் முன்பே ஏதும் தந்திரம் செய்து வைத்திருக்கக்கூடாது என்பதற்காகப் புதிய ஏற்பிகள் தரப்படும்," என்று அறிவித்தது. ஏற்பி என்பது படகுக்குள் இருந்துகொண்டு செலுத்தியின் சொல்லைக் கேட்கும் பெட்டி. எந்தச் செலுத்தியின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதை அதற்கு ஒருமுறை சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிணைப்பு என்று பெயர். இரண்டிலும் பொத்தானை அழுத்தினால் அரை நிமிடத்தில் முடிகிற வேலை. "ஒன்பதரை முதல் பத்து மணிவரை பிணைக்கலாம். அதன்பின் மறுபிணைப்பு கிடையாது. மீறினால் தகுதி இழப்பு."

ஒன்பதரை ஆயிற்று. ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை. ஒன்பதே முக்கால் ஆயிற்று. பத்துத் தம்பதியரும் ஏற்பியை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் யாரும் பிணைக்கவில்லை?" என்று கேட்டது நடுவர் ஏழு.

"எமகண்டம்," என்றார் யாரோ.

இதற்குச் சிறிது விளக்கம் வேண்டும். செவ்வாயின் ஒரு நாள் பூமியின் நாளைவிட ஏறக்குறைய நாற்பது நிமிடம் கூடுதல். அந்த நாற்பது நிமிடத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பஞ்சாங்கக்காரர்கள் இரண்டு தலைமுறையாகச் சண்டை போட்டார்கள். நான்காம் குடுவையில் செல்வாக்குப் பெற்ற பஞ்சாங்கம் அதை நாள் முழுவதற்கும் நிரவிவிட்டிருந்தது. அதன்படி அன்று எமகண்டம் முடிவது ஒன்பது ஐம்பத்து நான்குக்கு. பூபாலன் இதையெல்லாம் நம்பாதவன். "நம்பிக்கை எல்லாம் இல்ல யாழு. ஆனா பிள்ளை விஷயம், எதுக்கு வம்பு?" என்றான். மற்ற ஒன்பது கணவர்களும் ஏறத்தாழ அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

"கையேட்டுல இருபதாம் பக்கம் படிச்சியா? பக்கத்துல வேற யாரும் பிணைக்கிறப்ப பிணைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு," என்றாள் யாழரசி.

"அதனால? எமகண்டத்துல பண்ணச் சொல்றியா?"

அவள் கையேட்டை மூடினாள். அவளுக்கும் மனசுக்குள் அந்த 'எதுக்கு வம்பு' இருந்தது.

சரியாக ஒன்பது ஐம்பத்து நான்குக்கு இருபது கைகள் ஒரே நேரத்தில் பொத்தான்களை அழுத்தின. சில பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். எல்லா ஏற்பிகளிலும் பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்களை இணையாக்கி, இரண்டிரண்டு படகாகத் தேர்வு. முதல் இணையின் படகுகள் நீரில் இறங்கின. செவ்வாயில் எடை குறைவானாலும் படகு பூமியில் அமிழ்ந்த அளவுதான் இங்கும் அமிழும். அலைதான் சோம்பேறி. எழுந்தால் இறங்கி வருவதற்கு அதற்கு மனசு வராது. முதல் படகு நேரே சுவரைப் பார்த்து ஓடியது. "திரும்பு, திரும்புடா!" என்று கத்தினார் அதன் சொந்தக்காரர். இரண்டாவது படகு நின்ற இடத்தில் சுற்றியது. இருவரும் தங்கள் படகையே பார்த்துக் குச்சியை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் மோதிக் கவிழ்ந்தன. இரண்டாம் இணை, மூன்றாம் இணை, அதே கதைதான். நான்காம் இணையில் ஒருவர் மட்டும் தன் கையசைவுக்கு எதிராளியின் படகு ஆடுவதைக் கண்டுகொண்டார். கண்டுகொண்டதும் அதைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினார். திரும்பிப் பார்த்தால் அவருடைய படகும் சுவரோரம் நொறுங்கிக் கிடந்தது. எதிராளியும் கெட்டிக்காரர்தான்.

காலியிடங்கள் இரண்டும் அப்படியே இருந்தன. மிச்சம் ஒரே இணை.

யாழரசி இத்தனை நேரமும் படகுகளைப் பார்க்கவில்லை. ஓட்டியவர்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் குச்சியை மெல்ல வலப்பக்கம் தள்ளினாள். தன் சிவப்புப் படகின் சுக்கான் அசையவில்லை. பக்கத்தில் கிடந்த நீலப் படகின் சுக்கான் அழகாக வலப்பக்கம் திரும்பியது.

ஓராண்டாகப் பார்க்காத முகத்தை அவள் திரும்பிப் பார்த்தாள். "பவளம், உங்க படகு எங்கிட்ட இருக்கு."

"என்ன சொல்றீங்க?"

"சுக்கானைப் பாருங்க." மீண்டும் தள்ளிக் காட்டினாள். "இப்ப நீங்க உங்க குச்சியை அசைங்க."

பவளக்கொடி அசைத்தாள். சிவப்புப் படகின் சுக்கான் திரும்பியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நடுவர்கிட்ட சொல்லிடலாம்," என்றார் நாகலிங்கம்.

"சொன்னா மறுபடி பிணைக்கணும். பிணைச்சா ரெண்டு வீடும் தகுதி இழப்பு," என்றாள் யாழரசி.

பூபாலன் அவளைத் தள்ளிக் கூட்டிப்போனான். "யாழு, அவன் நம்ம படகைக் கவுத்துட்டான்னா? நாலாவது ஜோடியைப் பாத்தேல்ல?"

"அங்க பாரு. அவரும் பவளத்துக்கிட்ட இதையேதான் கேட்டுட்டு இருக்கார்."

நாகலிங்கம் மனைவியின் காதில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் பூபாலன்மேல்தான் இருந்தது.

யாழரசி பவளக்கொடியிடம் வந்தாள். குரல் உடைந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. "எனக்கு இது கடைசி வருஷம், பவளம்."

பவளக்கொடி சிவப்புப் படகைப் பார்த்தாள். பிறகு, "எனக்கும்தான்," என்றாள். "உங்க படகு எப்படி? சாதுவா?"

"சாதுதான். மெதுவாப் போனா மட்டும் இடப்பக்கம் இழுக்கும். கொஞ்சம் வலது குடுத்தே வச்சிருங்க. உங்களுது?"

"கிளம்ப நேரமெடுக்கும். அவசரப்படுத்தினீங்கன்னா ஒரேயடியா பாஞ்சிடும். பொறுமையா விடுங்க."

ஐந்தாம் இணையை அழைத்தது நடுவர் ஏழு.

படகுகள் கிளம்பின. யாழரசி நீலப் படகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. தன் சிவப்புப் படகு எங்கே இருக்கிறது, என்ன ஆகிறது என்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சொந்தப் படகாக இருந்தால் அந்த வளைவில் கொஞ்சம் வேகமாகவே திருப்பியிருப்பாள். இது அடுத்த வீட்டுப் பொருள். ஒரு கீறல் விழுந்தாலும் என்ன பதில் சொல்வது? மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் மிதவையைச் சுற்றினாள்.

பூபாலனால் சும்மா இருக்க முடியவில்லை. "பவளம் மேடம், இழுக்குது பாருங்க, வலது, வலது!" என்றான். "தங்கச்சி, கொஞ்சம் விட்டுப் பிடிங்க, அது அப்படித்தான்," என்றார் யாழரசியிடம் நாகலிங்கம். அவர் வாயிலிருந்து அந்தத் 'தங்கச்சி' எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது.

இரண்டாம் மிதவையில் இரு படகுகளின் அலைகளும் சேர்ந்து ஒரு மேடாக எழுந்து நின்றன. அதே நேரம் கூரையில் காற்றோட்ட விசிறி சுழல ஆரம்பித்தது. சிவப்புப் படகு சாய்ந்தபடி கரையைப் பார்த்து வந்தது. பவளக்கொடியின் விரல் தயங்கியது.

"இடது!" என்று அலறினான் பூபாலன்.

"எனக்கு இடதா, படகுக்கு இடதா?"

பூபாலன் கண்களை இறுக்க மூடிக்கொண்டான். பவளக்கொடி ஒரு கணம் உடம்பைத் திருப்பி, படகு பார்க்கும் திசையில் நின்று, தோளுக்கு மேலாகப் பார்த்தபடி குச்சியைத் தள்ளினாள். சிவப்புப் படகு மிதவையை ஒரு சாண் இடைவெளியில் சுற்றிக்கொண்டு வந்தது.

கரையை மெத்தென்று தொட்டு இரண்டு படகுகளும் நின்றபோது யாழரசி அழுதுகொண்டிருந்தாள். பவளக்கொடியும்தான். இரண்டு கணவர்களும் கைகொடுத்துக்கொண்டார்கள். பிறகு சுதாரித்துக் கையை எடுத்துக்கொண்டார்கள்.

நடுவர் ஏழு அவர்கள்முன் வந்து நின்றது. "உங்கள் படகை நீங்கள் ஓட்டவில்லை. அவர்கள் படகை ஓட்டினீர்கள். ரேடியோ அலைப் பதிவில் எல்லாம் இருக்கிறது."

யாழரசி செலுத்தியைக் கீழே வைத்தாள். "ஆமா," என்றாள். மறைத்து என்ன பயன்?

"விதியைத் திரும்பப் படித்தேன். 'தம்பதியர் ஒரு படகை இடிக்காமல் கரைசேர்க்க வேண்டும்' என்றிருக்கிறது. யாருடைய படகு என்று இல்லை. இரு வீட்டாரும் தேர்ச்சி." அதன் ஒற்றைக் கண் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தது. "பிணைப்பு மாறியிருப்பதைப் பிறகு சரிசெய்துகொள்ளுங்கள்."

அந்தப் படகுகளை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. அலமாரிக்குப் போய்விட்டன. எடுக்க எங்கே நேரம்? அடுத்த ஆண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குழந்தை, இந்தப் பக்கம் ஒரு பையன். பூபாலன் குளியலறையில் பாடினால்தான் நாகலிங்கத்தின் மகள் மதிவாணி தூங்கினாள். நாகலிங்கம் வீட்டு நீரேற்றி உறுமாவிட்டால் யாழரசியின் மகன் அகரன் எழுந்து உட்கார்ந்துகொண்டான். இரண்டு புகார்களும் திரும்பப் பெறப்பட்டன.

பூமிக் கணக்கில் ஆறு ஆண்டுகள் கழித்து, ஒரு விடுமுறை நாள் முற்பகலில், பிறப்பிடம் பெற்ற வீடுகளை வழக்கம்போலப் பார்வையிட நடுவர் ஏழு அந்தத் தாழ்வாரத்துக்கு வந்தது. அப்போது யாழரசியின் வீட்டுக் கதவு திறந்தது. பாசிக் கூழ்க் கிண்ணம் ஒரு கையிலும் அகரனின் மணிக்கட்டு மறு கையிலுமாக அவள் பக்கத்து வீட்டை நோக்கி நடந்தாள். கதவைத் தட்டுவதற்குள் அது தானாகவே திறந்தது. வாசலில் பவளக்கொடி. அவள் கையில் ஒரு ஜோடிக் காலணி. இன்னொரு கையில் முரண்டு பிடிக்கும் மதிவாணி.

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"நாங்க சொன்னா கேக்கவே மாட்டேங்குறான் பவளம். நீங்க சொன்னாத்தான் கேப்பான். கொஞ்சம் சொல்லுங்களேன்!"

"ஐயோ, நான் இவளைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் கெளம்பினேன்!"

பவளக்கொடி அகரனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் கிண்ணத்தை வாங்கி மடமடவென்று குடித்தான். யாழரசி "மதி" என்றாள். மதிவாணி உட்கார்ந்து காலணியை மாட்டிக்கொண்டாள்.

நடுவர் ஏழு இதை முழுவதும் பார்த்தது. பழைய பதிவேட்டைத் திறந்து அந்தத் தேர்வு நாளின் பக்கத்தைத் தேடி எடுத்தது. எமகண்டம் முடிந்ததும் இருபது கைகள் ஒன்றாகப் பொத்தானை அழுத்திய அந்த நிமிடத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியது:

"பிணைப்புக் கோளாறு இன்னும் சரிசெய்யப்படவில்லை."